அப்பாவுக்குக் கறுப்பாகப் போகிறது: இரும்புச்சத்து மாத்திரைதான் காரணமா?

துறையூரான் | வெள்ளி, இரவு 8:12

வீட்டில் கேட்கக் கூச்சம், அதனால் இங்கே கேட்கிறேன். அப்பாவுக்கு 66 வயது. அவர் ஊரில், நான் ஓசூரில். ஒன்றரை மாதமாக ஆள் வெளுத்துப் போய்விட்டார். வரப்பில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றதால் பக்கத்து டவுனில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.1. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கீரை பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. இப்போது மலம் கறுப்பாகப் போகிறதாம். இதையும் அவராகச் சொல்லவில்லை. கழிப்பறை கழுவப் போன அம்மா பார்த்துவிட்டுப் போனில் சொன்னார். அப்பாவிடம் கேட்டால், "அதையெல்லாமாடா போன்ல பேசுவாங்க" என்று வைத்துவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் கறுக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். அப்படித்தானா?

ஊர்வம்பு | இரவு 8:20

அப்படித்தான். என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஆறு மாதம் கறுப்புதான். பயப்பட ஒன்றுமில்லை.

கம்பங்கூழ் | இரவு 8:31

இரும்பு மாத்திரை கறுக்கவும் வைக்கும், கட்டவும் வைக்கும். ராத்திரி ஒரு கொய்யா, காலையில் வெந்நீர். முக்க விடாதீர்கள்.

பழைய சோறு | இரவு 8:40

வயிற்றில் கசடு சேர்ந்திருந்தாலும் கறுப்பாக வரும். விளக்கெண்ணெய் ஒரு தடவை கொடுத்துக் கழுவிவிட்டால் எல்லாம் சரியாகும். எங்கள் பாட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கொடுப்பார்.

நைட் ட்யூட்டி | இரவு 8:44

பழைய சோறு அண்ணா, உங்கள் பாட்டி கொடுத்தது ஓடியாடும் பிள்ளைகளுக்கு. இவர் 66 வயது, ரத்தம் குறைந்து மூச்சு வாங்குகிற மனிதர். தயவுசெய்து பேதிக்குக் கொடுத்துவிடாதீர்கள். இருக்கிற கொஞ்சம் தெம்பும் போய்க் கழிப்பறையிலேயே விழுவார். முப்பது வருடம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன்.

வெள்ளைக்கோட்டு | இரவு 9:02

துறையூரான், இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும் என்பது உண்மைதான். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு குடலில் மிஞ்சிக் கறுப்பாகிறது. ஆனால் அதோடு விட்டுவிடத் தோன்றவில்லை. அம்மாவிடம் இதையெல்லாம் கேட்டுச் சொல்லுங்கள்.

வெறும் கறுப்பா, அல்லது ரோடு போடும் தார் மாதிரி பளபளவென்று பிசுபிசுப்பா? தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறதா, பீங்கானில் ஒட்டிக்கொண்டு தேய்க்க வேண்டியிருக்கிறதா? வழக்கத்தில் இல்லாத ஒரு கெட்ட நாற்றம் அடிக்கிறதா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்கிறாரா? முக்கியமாக, மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? இதயத்துக்கு ஆஸ்பிரின் போகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், கறுப்பில் இரண்டு உண்டு. மாத்திரைக் கறுப்பு பெரும்பாலும் பச்சை கலந்தது, வழக்கமான வடிவத்தில் வரும், தண்ணீரோடு போய்விடும். இன்னொன்று ரத்தக் கறுப்பு. இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் ஏற்பட்டு ரத்தம் கசிந்தால், அது அமிலத்தோடும் குடல் கிருமிகளோடும் சேர்ந்து நெடுந்தூரம் பயணப்பட்டு, வெளியே வரும்போது சிவப்பாக இருக்காது, தாராக இருக்கும். அதற்கு 50 முதல் 100 மில்லி ரத்தம் போதும். அரை டம்ளர்கூட வராது. வயிற்றுவலியே இல்லாமலும் நடக்கும், அதுவும் வலி மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு.

இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. 66 வயது ஆணுக்கு இரும்புச்சத்து ஏன் குறைந்தது? பெண்களுக்கு மாதவிடாய், பிரசவம் என்று காரணம் இருக்கும். இந்த வயது ஆணுக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுக் குறை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், எங்கோ கசிகிறதா என்று வயிற்றையும் குடலையும் பார்த்தாக வேண்டும்.

துறையூரான் | இரவு 9:06

அம்மாவைக் கூப்பிடுகிறேன். தெரு முனைக் கோயிலுக்குப் போயிருக்கிறார்.

சேலத்து மாங்கனி | இரவு 9:15

அவர் வரும்வரை என் கதை. போன தையில் ஒருநாள் காலையில் கழிப்பறையில் சிவப்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை. உயில் எழுதாத குறை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" பீட்ரூட் பொரியல். இரண்டு கிண்ணம். அவர் ஃபீஸ்கூட வாங்கவில்லை.

ஊர்வம்பு | இரவு 9:17

சிரிப்பாக இருந்தாலும் ஓடிப் போனது சரிதான். டாக்டரே, அப்படியானால் சிவப்பு எப்போது பயம்?

நைட் ட்யூட்டி | இரவு 9:33

நான் சொல்லலாமா? இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது.

நம் ஊரில் கீழே ரத்தம் என்றால் உடனே 'மூலம்'. பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'மூலம் பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருக்கும் நம்பருக்குப் போன் பண்ணுவார்கள். பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. மூலத்தில் வலி அவ்வளவாக இருக்காது. போய் முடித்த பிறகு சொட்டுச் சொட்டாக, பளிச்சென்ற சிவப்பில் விழும். வெடிப்பு என்றால் கண்ணாடித் துண்டால் கிழிப்பது மாதிரி வலி. உட்காரவே பயப்படுவார்கள், பயந்து அடக்குவார்கள், அடக்கினால் இன்னும் இறுகும்.

ஆனால் என் சொந்தச் சித்தப்பா இரண்டு வருடம் மூலத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தது. கூடவே சளி. போய் வந்த பிறகும் 'இன்னும் இருக்கிறது' என்ற நினைப்பு, மறுபடியும் போவார், ஒன்றும் வராது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. இத்தனைக்கும் வீட்டில் நான் ஒரு நர்ஸ் இருக்கிறேன், என்னிடம் சொல்லவில்லை. வெட்கம். கடைசியில் ஒரு டாக்டர் கையுறை போட்டு விரலால் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மலக்குடலில் கட்டி. அதுவரை பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூட அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. இவரும் வேட்டியை அவிழ்க்கத் தயாராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

துறையூரான் | இரவு 9:41

டாக்டர், அம்மா பேசினார். ஒட்டுகிறதாம். இரண்டு வாளி ஊற்றியும் போகாமல் பிரஷ் போட்டிருக்கிறார். நாற்றம் தாங்கவில்லையாம், எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினாராம். நேற்று மட்டும் மூன்று தடவை போயிருக்கிறார். காலையில் திண்ணையில் இருந்து எழுந்தபோது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

ஆஸ்பிரின் இல்லை. முட்டி வலிக்கு 'செட் மாத்திரை' வாங்கிச் சாப்பிடுகிறார், நாலைந்து மாதமாக. பேப்பரில் மடித்துக் கொடுப்பார்களே, அது. காலையில் காபி மட்டும் குடித்துவிட்டுப் போட்டுக்கொள்வார்.

வெள்ளைக்கோட்டு | இரவு 9:44

இன்று இரவே கிளம்பச் சொல்லுங்கள். காலை வரை வேண்டாம். எண்டோஸ்கோப்பி வசதியும் ரத்தம் ஏற்றும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு. பைக்கில் உட்கார வைக்காதீர்கள். கார், இல்லையென்றால் 108. வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். அந்தச் செட் மாத்திரைப் பொட்டலத்தை அப்படியே எடுத்துப் போகட்டும். அதில் டைக்ளோஃபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரையும், சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு வேறு காரணமே வேண்டாம்.

அங்கே போனதும் 'ரத்தசோகை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'தார் மாதிரிப் போகிறது, தலை சுற்றுகிறது, வலி மாத்திரை சாப்பிடுகிறார்' என்று முதலில் சொல்லுங்கள்.

துறையூரான் | இரவு 9:52

மாமா கார் எடுக்கிறார். திருச்சிக்குப் போகிறார்கள். நானும் பஸ் ஏறுகிறேன்.

அம்மாவாகி 24 நாள் | இரவு 11:50

துறையூரான் அண்ணா, நல்லபடியாக இருக்கும். வேண்டிக்கொள்கிறேன்.

இந்த நேரத்தில் கேட்கலாமா தெரியவில்லை. என் குழந்தைக்கு 24 நாள். தாய்ப்பால் மட்டும்தான். முதலில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போனான், இப்போது இரண்டு நாளாகப் போகவே இல்லை. மாமியார் வெற்றிலைக் காம்பு வைக்கலாம் என்கிறார்.

நைட் ட்யூட்டி | சனி, காலை 5:58

வைக்காதே கண்ணு. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை பால் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் போகும். கொஞ்ச நாள் கழித்து நாலைந்து நாளைக்கு ஒருமுறைகூடப் போகும். பால் நன்றாகக் குடிக்கிறானா, வயிறு மெத்தென்று இருக்கிறதா, ஒன்றுக்குப் போகிறானா, எடை ஏறுகிறதா, அதைப் பார். வாந்தி எடுத்தாலோ வயிறு உப்பினாலோ உடனே காட்ட வேண்டும். போனால் என்ன நிறம்?

அம்மாவாகி 24 நாள் | காலை 6:20

கடுகு அரைத்த மாதிரி மஞ்சள், நடுவில் தயிர்த் திப்பி மாதிரி. நன்றாகக் குடிக்கிறான்.

நைட் ட்யூட்டி | காலை 6:31

அது தங்கம். எனக்குப் பயம் வேறு நிறம். புட்டு மாவு மாதிரி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் ஓடு. இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் நிற்கிறது, மலம் வெளுப்பு என்றால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தானே. அந்த அடைப்புக்கு ஜப்பானில் கசாய் என்ற அறுவை மருத்துவர் கண்டுபிடித்த ஆபரேஷன் இருக்கிறது, 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அதனால் ஜப்பானிலும் தைவானிலும் குழந்தை பிறந்ததும் ஒரு நிற அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். அம்மா துணியைப் பார்த்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். அதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது?

கம்பங்கூழ் | காலை 7:15

அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்டது. மலத்தை ஏழு வகையாகப் படம் போட்டிருப்பார்கள். நம் பாஷையில் சொல்கிறேன். ஒன்று, ஆட்டுப் புழுக்கை. இரண்டு, புழுக்கைகள் ஒட்டிப் பிடித்த உருண்டை. மூன்று, வெடிப்பு விட்ட நீளம். நான்கு, வழவழவென்று பூவன்பழம். ஐந்து, ஓரம் தெளிவாக உள்ள துண்டு துண்டு. ஆறு, கூழ். ஏழு, தண்ணீர்.

அவர்கள் கண்டது, உள்ளே எவ்வளவு நேரம் தங்கியது என்பதை எத்தனை முறை போகிறோம் என்பதைவிட வடிவம்தான் நன்றாகக் காட்டுகிறது என்று. பெருங்குடலில் தங்கத் தங்கத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் புழுக்கையாகிறது. மூன்றும் நான்கும் நல்லது. 'தினம் ஒருமுறை போயே ஆகவேண்டும்' என்பதும் கட்டாயம் இல்லை. வாரத்துக்கு மூன்று முறையில் இருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை வரை இயல்புதான். நம் பக்கம் தினம் போவதுதான் வழக்கம் என்பதால், ஒருநாள் தவறினால் வீடே பஞ்சாயத்து வைக்கிறது.

சேலத்து மாங்கனி | காலை 7:22

பூவன்பழத்தை இனிமேல் எப்படிச் சாப்பிடுவது?

ஊர்வம்பு | காலை 7:40

மிதந்தால் கொழுப்பு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு அடிக்கடி மிதக்கிறது.

வெள்ளைக்கோட்டு | காலை 8:05

மிதப்பது பெரும்பாலும் காற்று. 1972-இல் அமெரிக்காவில் இதை மெனக்கெட்டுச் சோதித்தே பார்த்தார்கள்: மிதந்த மலத்தில் அழுத்தம் கொடுத்து வாயுவைச் சுருக்கினால் மூழ்கிவிட்டது. நீங்கள் மொச்சை, சுண்டல் சாப்பிடுகிறவராக இருப்பீர்கள்.

கொழுப்பு போகும் மலம் வேறு மாதிரி. வெளிறி, அளவில் பெரியதாக, எண்ணெய் மினுங்கும்; தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும், கழுவினாலும் வழுக்கும். கூடவே எடை குறைந்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். மதுவே தொடாதவர்களுக்கும், இளம் வயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, சர்க்கரை நோயும் சேர்ந்து வரும் ஒரு வகை தென்னிந்தியாவில் உண்டு. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் அப்படி ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்து வைத்தார். இருபத்தைந்து வயதுப் பையன் 'சாப்பிட்டதும் மேல்வயிறு வலிக்கிறது, எண்ணெயாகப் போகிறது' என்றால் நான் அசட்டை செய்வதில்லை.

பச்சைக்குப் பயப்பட வேண்டாம்: கீரை, அல்லது வயிறு வேகமாகப் போனதால் பித்தம் நிறம் மாற நேரம் கிடைக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி விடாமல் போனால் காலராவை நினைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். அதை ஒரு டம்ளரில் கரைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு.

ஐடி அடிமை | காலை 10:12

எனக்குப் பத்து வருடமாக மீட்டிங் என்றாலே வயிறு கலக்கும். மூன்று தடவை போவேன், கூழ்தான். போனதும் வலி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. இதுவும் குடல் புற்றுநோயா?

வெள்ளைக்கோட்டு | காலை 10:40

பத்து வருடமாக ஒரே மாதிரி, வலியோடு சேர்ந்து, போனதும் நிற்கிறது என்றால் அது ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் கேட்கும் கேள்வி ஒன்று: தூக்கத்தில் இருந்து எழுப்பிவிடுகிறதா? ஐபிஎஸ் பொதுவாக ராத்திரியில் தூங்கவிடும். நடுராத்திரி எழுப்பிவிட்டால், ரத்தம் வந்தால், எடை குறைந்தால், ஐம்பதை நெருங்கும்போது பழக்கம் புதிதாக மாறினால் அது வேறு கதை. நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது: சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு, வயிறு ஒருமாதிரி. ஒருமுறை காட்டிவிட்டு நிம்மதியாக மீட்டிங் போங்கள்.

ஐடி அடிமை | காலை 10:43

எழுப்பாது. மேனேஜர் போன்தான் எழுப்பும். வேண்டுமானால் படம் போடட்டுமா?

நெறியாளர் | காலை 10:44

வேண்டாம். இந்த இழையில் யாரும் எந்தப் படமும் போட வேண்டாம்.

துறையூரான் | மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் உட்கார்ந்தேன். ராத்திரி பன்னிரண்டரைக்குச் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.4. பத்து நாள் மாத்திரை சாப்பிட்ட பிறகு! இரண்டு யூனிட் ரத்தம் ஏறியது. காலையில் எண்டோஸ்கோப்பி. சிறுகுடல் தொடக்கத்தில் புண், அதன் நடுவில் ரத்தக்குழாய் தெரிந்ததாம். ஊசி போட்டு, கிளிப் மாட்டியிருக்கிறார்கள். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் இருக்கிறது. ஐ.சி.யூ.வில் இருக்கிறார், பேசுகிறார். முதலில் கேட்டது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சா என்று.

அங்கிருந்த டாக்டர் சொன்னது எனக்கு உறைத்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வெளுத்தபோதே கசிவு ஆரம்பித்திருக்க வேண்டும். மாத்திரை வந்த பிறகு கறுப்புக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன், மாத்திரைக்கு முன்னாலேயே கறுப்பாகப் போனதா என்று. "போச்சு. சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்கிறார்.

வெள்ளைக்கோட்டு | மாலை 5:52

நல்ல நேரத்தில் சேர்த்தீர்கள். இனி முட்டிக்குச் செட் மாத்திரை கிடையாது, அதை எழுதியே ஒட்டுங்கள். கிருமிக்கு இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் 14 நாள் கொடுப்பார்கள். வயிறு புரட்டினாலும் பாதியில் நிறுத்த வேண்டாம். இன்னும் மூன்று நாலு நாள் தார் மாதிரிப் போகலாம், அது உள்ளே தங்கியிருக்கும் பழைய ரத்தம். மறுபடியும் தலை சுற்றினால்தான் கவலை. வயதை வைத்து, பெருங்குடலையும் ஒருமுறை பார்க்க வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போது கேளுங்கள்.

பழைய சோறு | மாலை 6:10

விளக்கெண்ணெய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

துறையூரான் | மாலை 6:14

அண்ணா, நீங்களாவது இங்கே சொன்னீர்கள். ஊரில் மூன்று பேர் அதைத்தான் சொன்னார்கள். ஒருவர் பாட்டிலோடு வீட்டுக்கே வந்தாராம்.

துறையூரான் | மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, காலை 9:05

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். ஹீமோகுளோபின் 12.3. பெருங்குடலும் பார்த்தாயிற்று, சுத்தம். கிருமி போய்விட்டதா என்று பார்க்க மலப் பரிசோதனை எழுதினார்கள். அதற்காக அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். டப்பாவைக் கொடுத்தபோது அப்பா தொடவே மாட்டேன் என்றார். மூன்று நாள் அம்மாவோடு சண்டை. கடைசியில் அதை மஞ்சள் பையில் போட்டு, அதன் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் இரண்டு தேங்காய் வைத்து பஸ்ஸில் எடுத்துப் போனார். லேபில் இருந்த பெண் 'என்ன தாத்தா, தேங்காயா?' என்று கேட்டாராம்.

முடிவு வந்தது. கிருமி இல்லை.

இரும்பு மாத்திரை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போகிறது. இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்கு அவரே போன் பண்ணுகிறார். மாடு, மழை, கரண்ட் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்: "இன்னைக்கும் கறுப்புதான்டா. ஆனா ஒட்டல."